தண்ணீர் வருவதற்குள் ஒரு ஹோஸ்! - மன்னார்குடி பயண அனுபவம்

மன்னை எக்ஸ்பிரஸில் மன்னார்குடி வரை டிக்கெட் எடுத்திருந்தேன். கும்பகோணம் தாண்டியதும் அத்தானிடமிருந்து போன்.

"மாப்ளே, தஞ்சாவூர்லயே இறங்கிடு. வண்டியோட ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்."

அக்கா வீட்டுக்கு நான்கு நாள் லீவில் போகிற தம்பியை வரவேற்க அத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் இறங்கினேன். வெளியே வந்து அவருடைய பழைய ஆம்னி வேனில் ஏறியபோதுதான் விஷயம் புரிந்தது. பின் சீட்டில் ஒரு சாக்குப் பை. அதற்குள் கறுப்பாக, சாரைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது ஒரு ரப்பர் ஹோஸ். அவர் வந்தது எனக்காக இல்லை, அதற்காக!

"டிராக்டர் டிப்பருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் மாப்ளே. நேத்து சாயங்காலமே வந்தேன். கடையில பிரஸ் பண்ணி வாங்க ராத்திரி ஆயிடுச்சு. சித்தப்பா வீட்டுல படுத்துட்டேன். எப்படியும் நீ வர்றியேன்னு..."

"அந்தப் பழைய ஹோஸுக்கு என்ன ஆச்சு?"

"லீக்கு. டைட் பண்ணினேன். இன்னும் லீக்கு. பைப்பை மாட்டி இன்னும் டைட் பண்ணினேன். நட்டு வெடிச்சுப்போச்சு."

மூன்று வரியில் முடிந்த அந்தக் கதைக்குள் ஒரு பெரிய பாடம் இருந்தது. அது எனக்குப் புரிய அன்று சாயங்காலம் வரை ஆனது.

ஆற்றோடு ஒரு பந்தயம்

தஞ்சாவூரிலிருந்து சாலியமங்கலம், அம்மாப்பேட்டை வழியாக நீடாமங்கலம் சுமார் 30 கிலோமீட்டர். ஜூன் மாதத்தில் இந்தச் சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். டெல்டா கண் விழிப்பதைப் பார்க்கலாம். கோடையெல்லாம் வெடித்துக் கிடந்த வயல்களில் டிராக்டர்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கும். வாய்க்கால்களில் மண்வெட்டியோடு ஆட்கள் நிற்பார்கள். டீக்கடையில் சினிமா, அரசியல் எல்லாம் பின்னால் போய்விட்டு, ஒரே பேச்சுதான் ஓடும். "தண்ணி எங்க வந்திருக்கு?"

குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அங்கிருந்து கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளைக் கிளையாகக் கடைமடைக்குப் போய்ச் சேரும். இந்த முறை கல்லணை திறந்து சில நாள்கள் ஆகியிருந்தன. அத்தானின் அவசரத்துக்கு அதுதான் காரணம்.

"இன்னும் ரெண்டு ஏக்கருக்கு எரு அடிக்கணும் மாப்ளே. வயல் காய்ஞ்சு கிடக்கும்போதுதான் டிப்பர் உள்ள இறங்கும். தண்ணி ஏறிட்டா டயர் புதைஞ்சுடும். அப்புறம் தலைச்சுமைதான். அதுக்கு இப்ப ஆள் எங்க இருக்கு?"

வழியில் கோவில்வெண்ணி. கரிகாலன் போர் செய்த வெண்ணி இதுதான் என்பார்கள். இங்குள்ள கரும்பேஸ்வரர் கோயிலுக்கு, சர்க்கரை நோய் கட்டுப்பட வேண்டும் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். "அத்தான், ஒரு நிமிஷம் கும்பிட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன். பின் சீட்டைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால், நீடாமங்கலம் பக்கத்தில் அவரே வண்டியைத் திருப்பினார். மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. அத்தானின் வயலுக்குப் பாமணியாற்றுத் தண்ணீர்தான். எங்களுக்கு முன்பே நாலைந்து பேர் கட்டைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சருகும் நுரையுமாக, செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் ஷட்டர்களில் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு ஷட்டரின் ஓரத்தில், பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீர் விசிறிபோலப் பீய்ச்சி அடித்தது. இடுக்கு என்னவோ விரல் கனம்தான். ஆனால், பின்னால் ஓர் ஆறே நிற்கிறதே!

"நாளன்னிக்கு நம்ம வாய்க்காலுக்கு வந்துடும்" என்றார் அத்தான். சந்தோஷமும் கவலையும் கலந்த குரல். விவசாயிக்கு மட்டுமே வரும் குரல் அது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கும் அது எங்களை ஏமாற்றவில்லை. மூடியிருந்தது.

"ஜோடியைக் கொண்டு வந்தீங்களா?"

மன்னார்குடிக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. 'மன்னார்குடி மதில் அழகு' என்று ஊர்ப்பெருமை சொல்வார்கள். ராஜகோபால சுவாமி கோயிலின் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, டிராக்டர் பட்டறைக்குப் போனோம். வாசர் இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம்.

அந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு வேப்பமரம், தகரக் கொட்டகை, பிரித்துப் போட்ட இரண்டு டிராக்டர்கள். இன்றைக்கு எந்த நிறத்து டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் மூன்று புள்ளியில் கலப்பையைத் தாங்கி, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பு இருக்கும். அதை உலகத்துக்குப் பழக்கியவர் வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். 1930-களில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு, 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்கள் வழியாக நம்மூர் வயல்களிலும் இறங்கியது. அந்த ஃபெர்குசனின் படத்தை நம்மூரில் நான் பார்த்ததில்லை. இந்தப் பட்டறைச் சுவரிலும் முருகன் படம்தான்.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். சாக்கிலிருந்து ஹோஸை எடுத்தார். இரண்டு முனையையும் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நட்டுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுச் சுழற்றப் போனவர், நடுவிரலை விட்டுச் சுழற்றினார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை.

"ஹோஸ் நல்ல ஹோஸ்தான். ஜோடியைக் கொண்டு வந்தீங்களா?"

"என்ன ஜோடி?"

"ஜாக்கியில இருக்கிற நிப்பிள். இது பொண்ணுன்னா அது மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பார்க்காம கடைக்காரர் தாலி கட்டிவிட்டிருக்காரு."

பழைய நட் வெடித்துப் போயிருந்ததால், கடையில் மறுமுனையைப் பார்த்து இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி வெடித்த நட்டை எடுத்து, சீப்பு மாதிரி பற்கள் உள்ள மரை அளவுக் கருவியை அதில் வைத்துப் பார்த்தார். பிறகு புது நட்டில் வைத்தார்.

"இது 16 எம்.எம். மெட்ரிக் மரை. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். புதுசு 3/8 பி.எஸ்.பி. மரை. ஒரு அங்குலத்துக்கு 19 மரை. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏத்தினா ரெண்டு சுத்து லூஸா போகும். அப்புறம் பிடிக்கும். நம்மாளு 'ஆகா, டைட் ஆகுது'ன்னு பைப்பைப் போட்டுத் திருகுவாரு."

அத்தான் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போங்க. ரெண்டு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

மரை பிடிக்கும், அடைக்காது

சொன்னபடி வந்தார். டி.வி.எஸ். வண்டியின் முன்னால் ஒரு பை, பழைய பிஸ்கட் டின், கூடவே ஒரு பொடியன். அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நேராக டிப்பரிடம் போனார். முதல் கேள்வி, "தொட்டி முழுசா கீழ இறங்கியிருக்கா?"

எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் தூக்கிய தொட்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது என்றார். தூக்கி நிறுத்தியிருப்பது எண்ணெய் மட்டும்தான். ஹோஸ் கழன்றால் தொட்டி அப்படியே இறங்கும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் லிவரை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டச் சொன்னார். குழாய்க்குள் சிக்கி நிற்கும் அழுத்தம் போவதற்காக.

"அவ்வளவு அழுத்தமா இருக்கும் அண்ணே?" என்று கேட்டேன்.

"கார் டயர்ல காத்து எவ்வளவு அடிக்கிறீங்க தம்பி? முப்பது, முப்பத்தஞ்சு. அதே கணக்குல இதுக்குள்ள 2,500-க்கு மேல. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துல 180 கிலோ உட்கார்ந்த மாதிரி. ஜாக்கியோட குறுக்களவு எட்டு சென்டிமீட்டர்னு வச்சுக்குங்க. பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்க."

9,000 கிலோ. விரல் கனமுள்ள குழாயில் போகிற எண்ணெய், எருவோடு சேர்த்து ஒரு டிப்பரைத் தூக்குகிற ரகசியம் அதுதான்.

பழைய நிப்பிளைக் கழற்றினார். அதன் மரையைச் சுற்றி வெள்ளையாக டெஃப்லான் டேப். அத்தான் சுற்றியது.

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்றது" என்று அதைப் பிய்த்துக் காட்டினார். "வீட்டுத் தண்ணிக் குழாயில மரையே அடைக்கணும். அதனால டேப் சுத்துறோம். இதுல மரையோட வேலை பிடிச்சுக்கிறது மட்டும்தான். அடைக்கிறது இந்த வாய்."

நிப்பிளின் முனையைக் காட்டினார். கூம்பு வடிவத்தில் வழவழவென்று ஒரு வாய். ஹோஸ் பக்கமும் அதற்கு ஏற்ற கூம்பு. இரும்பும் இரும்பும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் எண்ணெய் கசியாது. நட் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். வாய் சரியில்லை என்றால் நட்டை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. டேப் சுற்றினாலும் பயனில்லை. சொல்லப்போனால் கெடுதல். பிய்ந்த துணுக்கு எண்ணெயோடு போய் வால்வில் சிக்கிக்கொள்ளும்.

பழைய நிப்பிளின் கூம்பில் நகத்தால் தடவச் சொன்னார். தடவினேன். நகம் ஓரிடத்தில் தட்டியது. ரொம்ப இறுக்கியதில் விழுந்த தழும்பு.

"முதல்ல கசிஞ்சது தூசியால இருக்கும். இல்ல, கொஞ்சம் லூஸாகியிருக்கும். கழட்டித் துடைச்சு மாட்டியிருந்தா 10 நிமிஷ வேலை. பலத்தைக் காட்டினதுல வாய் போச்சு, நட்டு போச்சு."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த நான்கடி இரும்புப் பைப்பை மட்டும் காலால் மெல்ல நகர்த்திவிட்டார்.

கையால் முழுசு, பானாவால் ஒன்றேகால்

பிஸ்கட் டின்னிலிருந்து இரண்டு பக்கமும் பி.எஸ்.பி. மரை உள்ள புது நிப்பிள் ஒன்று வந்தது. கூடவே, நடுவில் ரப்பர் உதடு வைத்த ஓர் இரும்பு வளையம். கடைகளில் 'டவுட்டி வாசர்' என்று கேட்டால் கிடைக்கும். ஜாக்கிக்கும் நிப்பிளுக்கும் நடுவே அடைக்கிறது அதுதான். பழைய வாசரை மறுபடி போடவே கூடாதாம்.

அதன்பின் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஜாக்கியின் வாயைச் சுத்தமான துணியால் துடைத்தார். நூல் பிரிகிற பழைய பனியன் துணியைப் பொடியன் நீட்டியபோது ஒரு முறைப்பு. ஹோஸ் வெட்டும்போது உள்ளே தங்கியிருக்கும் ரப்பர்த் தூள் போக, காற்று அடித்து ஊதினார். மரையிலும் வாசரிலும் சுத்தமான ஹைட்ராலிக் ஆயில் ஒரு சொட்டு. வாசரைப் போட்டு நிப்பிளை ஜாக்கியில் உட்காரவைத்து இறுக்கினார்.

அடுத்து ஹோஸ். நட்டைக் கையாலேயே திருகினார். கடைசிவரை கையாலேயே போயிற்று.

"கையால முழுசாப் போகலைன்னா நிறுத்திடணும். ஒண்ணு மரை மாறியிருக்கு, இல்லை கோணலா ஏறியிருக்கு."

பிறகு பொடியனிடம் வெள்ளை மார்க்கர் வாங்கி, நட்டின் மேலும் நிப்பிளின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு போட்டார். இரண்டு பானா எடுத்தார். ஒன்றால் நிப்பிளை அசையாமல் பிடித்தார். மற்றதால் நட்டைத் திருப்பினார். நட்டில் ஆறு பட்டை. ஒரு பட்டையும் அதற்கு மேல் ஒரு கால் பட்டையும் நகர்ந்தது. நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் அத்தான், நம்பிக்கையில்லாமல்.

"அவ்வளவுதான். இந்த சைஸுக்கு இது. சைஸும் ரகமும் மாறினா கணக்கு மாறும். கம்பெனி அட்டவணை இருக்கு. அதைப் பார்க்கணும். டார்க் ரெஞ்ச் இருந்தா இன்னும் உத்தமம்."

ஹோஸின் மேல் நீளவாக்கில் எழுத்து ஓடுகிறது அல்லவா? அது நேராகப் போகிறதா என்று பார்த்தார். எழுத்துக் கோடு சுருள் சுருளாகப் போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் ஏறும்போதெல்லாம் முறுக்கு பிரியப் பார்க்கும். ஹோஸும் சீக்கிரம் போகும், நட்டும் தளரும். இரண்டு பானா போடுவது அதற்காகத்தான்.

இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, காலித் தொட்டியை நாலைந்து முறை ஏற்றி இறக்கினார்கள். உள்ளே இருந்த காற்று வெளியேறுவதற்கு. டிராக்டரில் குறைந்த ஆயிலை ஊற்றினார்கள். இப்போது தொட்டி ஏறி நின்றது. நிப்பிள் பக்கம் ஈரமாக ஏதோ மின்னியது. அத்தான் சட்டென்று விரலை நீட்டினார்.

மேஸ்திரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் அத்தானின் வாட்ச் கழன்று விழுந்தது.

எறும்பு கடித்தது போல

இன்ஜின் நின்றது. தொட்டி இறங்கியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேஸ்திரி தன் இடது கையை நீட்டினார்.

"இருபது வருஷம் இருக்கும். ஒரு டோசர் வண்டி. ஹோஸ்ல எங்கேயோ கசிவு, கண்ணுக்குத் தெரியலை. விரலால தடவிக்கிட்டே போனேன். எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக். ஊசி குத்தின அளவு புள்ளி. வலியே இல்லை தம்பி. அதுதான் என்னை ஏமாத்திடுச்சு. துடைச்சுட்டு வேலையைப் பார்த்தேன். ராத்திரி விரல் வீங்கி, கறுக்க ஆரம்பிச்சுது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனா, 'நேத்தே வந்திருக்கணும்'னாங்க."

ஊசித் துளை வழியாக அந்த அழுத்தத்தில் வருகிற எண்ணெய், தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே புள்ளி மட்டும்தான் தெரியும். உள்ளே திசுக்கள் அழுக ஆரம்பித்திருக்கும். அப்படி நடந்துவிட்டால் வலி இருக்கிறதோ இல்லையோ, அந்த நிமிஷமே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும், 'ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்ல வேண்டும். சாதாரணக் குத்துக்காயம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால் தாமதமாகிவிடும்.

எனக்குக் காலையில் மூணாறு தலைப்பில் பார்த்த அந்த இடுக்கு ஞாபகம் வந்தது. சின்னத் துவாரம்தான். பின்னால் நிற்பது ஆறு.

பொடியன் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, குச்சியில் செருகிக் கொண்டுவந்தான். கசிவைப் பார்க்க அதுதான் முறை. அட்டையை ஹோஸ் அருகில் தூரத்திலிருந்து நீட்டினால், எண்ணெய் பட்ட இடம் கறை காட்டும். கண்ணுக்கும் ஒரு கண்ணாடி. மறுபடி இன்ஜின் ஓடியது, தொட்டி ஏறியது, அட்டை போய் வந்தது. சுத்தமாக இருந்தது. மின்னியது, மாட்டும்போது வழிந்த ஆயில்தான்.

"ஒருவேளை கசிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் இறுக்கியிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இன்ஜின் ஓடும்போது பானாவையே கிட்ட கொண்டுபோகக் கூடாது. நிறுத்தி, அழுத்தத்தை விட்டு, கழட்டி, வாயைப் பார்ப்பேன். கசிவுங்கிறது 'என்னை இறுக்கு'ன்னு சொல்லலை தம்பி. 'என்னைப் பாரு'ன்னு சொல்லுது."

வாய்க்காலில் தண்ணீர்

அன்று இரவு விளக்கு வைத்துக்கொண்டு ஐந்து லோடு. மறுநாள் மத்தியானத்துக்குள் மீதி. நானும் ஒரு மண்வெட்டியோடு எரு தள்ளினேன். சென்னைக் கைகள் கொப்புளித்ததைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

கடைசி லோடு முடிந்த பிறகு குழந்தைகளை அழைத்துக்கொண்டு மன்னார்குடி போனோம். ராஜகோபால சுவாமியைச் சேவித்துவிட்டு, ஹரித்ரா நதி என்று பெயர் கொண்ட அந்தப் பெரிய தெப்பக்குளத்தின் கரையில் உட்கார்ந்தோம். குளத்துக்கே நதி என்று பெயர் வைத்த ஊர். எதிர்க்கரை தெரியாத சாயங்கால வெளிச்சத்தில் அந்தப் பெயர் மிகை என்று தோன்றவில்லை.

ஊருக்குத் திரும்பிய நாள் காலையில் வாய்க்கால் பக்கம் சத்தம் கேட்டது. சருகுகளைத் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளில் இறங்கி மறைந்து, மறுபடி எழும்பி, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழந்தைகள் அதன் முன்னால் பின்னோக்கியே நடந்தார்கள். அத்தான் மடையைத் திறந்தார். எரு பரப்பிய வயல் நிறம் மாறியது.

கிளம்பும் முன் டிப்பரிடம் போய்ப் பார்த்தேன். நட்டில் போட்ட வெள்ளைக் கோடு நிப்பிள் கோட்டிலிருந்து ஒன்றேகால் பட்டை தள்ளி, வைத்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் ஈரமில்லை. கையால் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"அந்த நாலடி பைப் எங்கே அத்தான்?"

கொல்லைப் பக்கம் கை காட்டினார். அக்காவின் புடலைப் பந்தலுக்கு ஒரு கால் குறைவாக இருந்ததாம். அங்கே மண்ணில் நட்டு வைத்திருந்தார். இளங்கொடி ஒன்று அதற்குள் பாதி தூரம் ஏறியிருந்தது.